கொடிக்கு முன்னே ஒரு மடி

வண்டன்மேட்டில், ஏலத்தோட்ட லயம் ஒன்றின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. அதில் கலப்பின மாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் விடியற்காலையில் கத்தத் தொடங்கிய மாடு அது. பின்புறம் கண்ணாடி போல வழும்பு ஒழுக, மாலையிலேயே மிருகாஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சினை ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். "இருபத்தொரு நாள் பாருங்க. திரும்பக் கத்தலேன்னா நின்னுருச்சுன்னு வச்சுக்கலாம்" என்பது அவர் சொல்லிவிட்டுப் போன கணக்கு.

மாட்டுக்கார அக்கா கம்பத்துப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பத்தில் பிறந்தவர். பகலில் ஏலக்காய் எடுப்பு, காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால். வெந்நீர்ச் செம்பை இறக்கி வைத்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: "ஏந் தம்பி, நஞ்சுக்கொடி பிடிக்கவே ஒரு மாசம் ஆகுமாம்ல? கொடி வழியாத்தான கன்னுக்குத் தீனி போகும்? அப்ப அதுவரைக்கும் அது எதத் தின்னு கெடக்கும்? கோழிக்குஞ்சுக்காச்சும் முட்டைக்குள்ளயே சோறு இருக்கு."

பள்ளிப் பாடநூல்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. விந்தணுவும் முட்டையும் சேர்ந்தன என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியில் நஞ்சுக்கொடி வந்துவிடும். நம் பழக்கத்திலும் அந்தக் கொடிக்குத்தான் மரியாதை. மாடு கன்று போட்டால் நஞ்சு விழுந்ததா என்று காத்திருந்து பார்க்கிறோம். விழுந்ததைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுகிறோம். பிரிக்க முடியாத உறவைத் தொப்புள்கொடி உறவு என்கிறோம். அந்தக் கொடி ஓடுவதற்கு முந்தைய வாரங்களில் தாய்க்கும் கருவுக்கும் இடையே என்ன நடக்கிறது? இந்த அத்தியாயம் அந்த அக்காவின் கேள்விக்குப் பதில்.

மஞ்சள் கரு எங்கே போனது?

அக்கா கோழியை இழுத்தது சரியான ஒப்பீடு. கோழி முட்டையின் மஞ்சள் கரு, குஞ்சு பொரிக்கும் வரைக்குமான முக்கியச் சாப்பாடு. அடைக்கு வைத்த 21ஆம் நாள் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது. அலகு, இறகு, கால், கண் எல்லாம் முட்டைக்குள் இருந்த கிடங்கிலிருந்து செய்தவை. தாய்க் கோழி கொடுத்தது வெறும் சூடு மட்டும்.

பசுவின் முட்டையில் அப்படிப்பட்ட கிடங்கு இல்லை. அதன் குறுக்களவு சுமார் 0.15 மில்லிமீட்டர். ஒரு கடுகில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பாலூட்டிகளுக்கும் முட்டை உண்டு என்பதே 1827இல்தான், கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் என்ற அறிஞர் ஒரு நாயிடம் அதைக் கண்ட பிறகுதான், உறுதியாயிற்று. அதே 21 நாளில் கோழி ஒரு முழுக் குஞ்சைச் செய்து முடிக்க, பசுவின் கரு அப்போதுதான் கருப்பைச் சுவரைத் தொட்டுப் பிடிக்கத் தொடங்குகிறது.

தோட்டத்திலேயே இதற்கு நல்ல உவமை இருக்கிறது. ஏல விதையை நாற்றங்காலில் போட்டால், வேர் மண்ணைப் பிடிக்கும் வரை விதைக்குள் இருக்கும் சேமிப்பைத் தின்று முளை வளரும். இது கோழியின் வழி. அதே தோட்டத்தின் நிழல் மரங்களில் ஆர்கிட் செடிகள் ஒட்டி வளர்கின்றன. அவற்றின் விதை தூசிபோல இருக்கும். உள்ளே சேமிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. காற்றில் பறந்து மரப்பட்டையில் விழுந்த பிறகு, அங்கே இருக்கும் பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும். பாலூட்டியின் முட்டை ஆர்கிட் விதையின் சாதி. வேர் பிடிக்கும் முன்பே வெளியிலிருந்து யாரோ ஊட்டியாக வேண்டும்.

நம் முன்னோர் இனங்களிடம் மஞ்சள் கரு இருந்ததற்குச் சான்று நம் உடலிலேயே இருக்கிறது. மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்யும் மரபணுக்கள் கோழியிடம் மூன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் அவற்றைப் பாலூட்டிகளில் தேடிப் பார்த்தார்கள். முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிளாட்டிபஸ் என்ற ஆஸ்திரேலிய விலங்கிடம் ஒன்று மட்டும் வேலை செய்கிறது. மனிதரிடம் இருப்பவை உடைந்த சிதிலங்கள். பால் வந்தது, மஞ்சள் கரு படிப்படியாகப் போனது. அந்தப் பால் முலையில் மட்டுமா சுரந்தது? அதற்குத்தான் வருகிறேன்.

முதல் நான்கு நாள்: கட்டுச்சோறு

சினை ஊசி போட்டது ஒரு திங்கட்கிழமை மாலை என்று வைத்துக்கொள்வோம். மறுநாள், கருப்பைக்கு மேலே இருக்கும் மெல்லிய கருக்குழாயில் முட்டையும் விந்தணுவும் சேர்கின்றன. அங்கிருந்து கருப்பைக்கு இறங்க நான்கைந்து நாள் ஆகும். இந்தப் பயணத்துக்குத் தாய் கட்டுச்சோறு கட்டித்தான் அனுப்புகிறாள்.

அந்தச் சோற்றில் இரண்டு பொருள்கள் முக்கியம். ஒன்று, ஆற்றலைச் செய்யும் நுண்ணடுப்புகளான மைட்டோகாண்ட்ரியா. ஒரே ஒரு முட்டைக்குள் அவை லட்சக்கணக்கில் இருக்கின்றன. இன்னொன்று, தாய் எழுதி வைத்த சமையல் குறிப்புகள். எந்தப் புரதத்தை எப்போது செய்ய வேண்டும் என்ற மரபுச் செய்திகள் அவை. பசுவின் கரு தன் சொந்த மரபணுக்களை முழு அளவில் படிக்கத் தொடங்குவதே 8 முதல் 16 செல்களாகப் பிரிந்த பிறகுதான். அதுவரை அம்மாவின் குறிப்பை வைத்துத்தான் குடித்தனம்.

இந்த நாட்களில் கரு பிரிகிறதே தவிர வளர்வதில்லை. ஒரு அல்வாத் துண்டை இரண்டாக, நான்காக, எட்டாக வெட்டிக்கொண்டே போவது போல. துண்டுகள் கூடும், அல்வா கூடாது. வெளியே கண்ணாடி போன்ற ஒரு கெட்டி உறை, கருவைத் தவறான இடத்தில் ஒட்டிவிடாமல் காக்கிறது. வளர்ச்சி இல்லாததால் தேவையும் குறைவு.

குறைவு என்றாலும் எரிபொருள் வேண்டும். கருக்குழாயில் கசியும் திரவம் அதைத் தருகிறது. அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நம் உடலில் பெரும்பாலான செல்களுக்குச் சர்க்கரைதான் உணவு. முதல் சில பிரிவுகளில் இருக்கும் கருவுக்கோ சர்க்கரையை நேராகச் செரிக்கத் தெம்பு போதாது. சர்க்கரை பாதி உடைந்தால் கிடைக்கும் பைருவேட் என்ற பொருளையே அது நாடுகிறது. முழுச் சோறு தின்ன முடியாத குழந்தைக்குக் குழைத்து ஊட்டுவது போல, கருக்குழாய் அதைப் பதமாக வைத்திருக்கிறது.

இது தெரிய வந்தது ஆய்வகத்துச் சமையலில். 1956இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் வெஸ்லி விட்டன், 8 செல் நிலையில் இருந்த சுண்டெலிக் கருக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துக் காட்டினார். 1958இல் ஆன் மெக்லாரனும் ஜான் பிக்கர்ஸும் அப்படி வெளியில் வளர்ந்த கருக்களை வேறு எலிகளின் கருப்பையில் வைத்து, உயிருள்ள குட்டிகள் பிறக்கச் செய்தார்கள். அதற்கும் முந்தைய நிலையில் இருக்கும் கருவுக்குப் பைருவேட் தேவை என்பதை அறுபதுகளில் கண்டுகொண்டார்கள். அந்தச் சமையல் குறிப்புகளின் வழியில்தான் 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா பிறந்தார். 'சோதனைக்குழாய்க் குழந்தை' என்று நாம் சொல்வது, வாழ்வின் முதல் சில நாள் சாப்பாட்டைக் கருக்குழாய்க்குப் பதிலாக ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சாப்பிட்ட குழந்தையைத்தான்.

ராஜாவின் மான்களும் சிலந்தி நூலும்

ஐந்தாம் நாள் கரு கருப்பைக்குள் இறங்கிவிட்டது. கட்டுச்சோறு தீர்ந்துகொண்டிருக்கிறது. இனி என்ன? இங்கேதான் மருத்துவ வரலாற்றின் பெரிய மனிதர் ஒருவர் ஏமாந்து நின்றார்.

இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று காட்டிய வில்லியம் ஹார்வி, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ல்ஸின் மருத்துவர். மன்னருக்கு மான் வேட்டையில் பித்து. வேட்டையில் விழும் பெண்மான்களை அறுத்துப் பார்க்க ஹார்விக்கு அனுமதி கிடைத்தது. செப்டம்பரில் மான்கள் இணை சேரும். அதற்குப் பின் நாட்கணக்கில், வாரக்கணக்கில் அறுத்துப் பார்த்தார். கருப்பையில் ஒன்றுமே இல்லை. மன்னருக்கும் காட்டினார். வேட்டைக் காவலர்கள் நம்ப மறுத்தார்கள். நவம்பர் நடுவில்தான் முதன்முதலாக ஏதோ தென்பட்டது: சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள், கருப்பையின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடின. 1651இல் வெளியான தம் நூலில் இதை எழுதினார்.

ஹார்வி தேடியது ஒரு உருண்டையை, ஒரு முட்டையை. உருப்பெருக்கி இல்லாத கண்ணுக்கு உருண்டையாக இருந்த கரு தெரியவில்லை. தெரிகிற அளவுக்கு வளர்ந்தபோது அது உருண்டையாக இல்லை. அவர் கண்ட சிலந்தி நூல்தான் கரு. அசை போடும் விலங்குகளான மான், ஆடு, மாடு எல்லாவற்றிலும் இதே கதை.

உருண்டை நூலாகிறது

நம் வண்டன்மேட்டு மாட்டுக்கே திரும்புவோம். அது பெரும்பாலும் சுனந்தினி வழி வந்ததாக இருக்கும். இதே இடுக்கி மாவட்டத்தில், மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் 1963இல் தொடங்கிய இந்திய - சுவிஸ் திட்டம், உள்ளூர்ப் பசுக்களைப் பிரவுன் சுவிஸ் காளைகளோடு கலந்து உருவாக்கிய இனம் அது. அதன் வயிற்றுக்குள் நாள்கணக்கு இப்படி ஓடும்.

ஏழாம் நாள்: கரு உள்ளே நீர் கோத்த ஒரு பந்தாகிறது. இதைக் கருக்கோளம் என்போம். பந்தின் ஒரு மூலையில் சிறு குவியலாக இருக்கும் செல்கள்தான் பின்னால் கன்றாகப் போகின்றன. பந்தின் தோல் முழுவதும் வேறு வேலைக்கு: உணவை உறிஞ்ச. இந்தத் தோலுக்கு ஊட்டுப்படலம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அளவு இன்னும் 0.2 மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

ஒன்பது, பத்தாம் நாள்: கண்ணாடி உறை வெடித்துக் கரு வெளியே வருகிறது. குஞ்சு பொரிப்பது போலத்தான். ஆனால் எங்கும் ஒட்டாது. கருப்பைக் குழிக்குள் மிதக்கும்.

பதின்மூன்றாம் நாள்: சில மில்லிமீட்டர் நீளமுள்ள முட்டை வடிவம்.

பதினாறாம் நாள்: நூல். நீளம் ஆறு சென்டிமீட்டர் அளவில்.

பத்தொன்பது, இருபதாம் நாள்: ஏறத்தாழ ஒரு சாண். கருப்பையின் ஒரு கிளை முழுவதும் ஓடி நிற்கிறது. இப்போதுதான் சுவரை மெல்லப் பற்றுகிறது. கருப்பையின் உட்சுவரில் பொத்தான் போல நூறையொட்டிய மேடுகள் உண்டு. அவற்றில் கருவின் திசு கோத்துக்கொண்டு நஞ்சுக்கொடி உருவாகி, உணவுப் பொறுப்பில் பெரும்பங்கை ஏற்க இன்னும் வாரங்கள் ஆகும்.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஏழாம் நாள் 0.2 மில்லிமீட்டர். இருபதாம் நாள் 200 மில்லிமீட்டர். பதின்மூன்றே நாளில் நீளம் ஆயிரம் மடங்கு. அதுவும் தாயின் இரத்தக் குழாய் ஒன்றைக்கூடத் தொடாமல். இந்த வளர்ச்சியில் கன்றாகப் போகும் குவியல் மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கிறது. மீதி அத்தனையும் ஊட்டுப்படலம். முதலில் சாப்பிடும் வாயைக் கட்டுகிறது கரு. உடலை அப்புறம் பார்த்துக்கொள்கிறது.

ஏன் நூல்? துணியை உருட்டி வைத்து நனைத்தால் வெளிப்பக்கம்தான் ஈரமாகும். நீட்டி விரித்தால் முழுவதும் குடிக்கும். பந்தாகவே பெருத்தால் உறிஞ்சும் பரப்பு குறைவு. நூலாக ஓடினால் கருப்பைச் சுவரின் ஓரமாக நெடுக வாய் வைக்கலாம்.

சுவர் சுரக்கும் பால்

வாய் வைப்பது எதில்? கருப்பையின் உட்சுவர் முழுக்கச் சின்னஞ்சிறு சுரப்பிகள். மடியில் பால் சுரப்பிகள் இருப்பது போலவே இவை கருப்பைக் குழிக்குள் ஒரு திரவத்தைச் சுரக்கின்றன. சர்க்கரை, கொழுப்பு, புரதம், புரதத்தின் கட்டைகளான அமினோ அமிலம், தாது உப்பு, வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் எல்லாம் அதில் உண்டு. பழைய உடற்கூற்றியலாளர்கள் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் அப்படியே சொல்லலாம்: கருப்பைப் பால். ஊட்டுப்படலத்துச் செல்கள் இதைத் துளித்துளியாக விழுங்கி உள்ளே செரிக்கின்றன.

1967இல் ஆர். எஸ். கிருஷ்ணனும் ஜோசப் டேனியலும் முயலின் கருப்பைச் சுரப்பில் இருந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அது கருக்கோளத்தின் வளர்ச்சியை முறைப்படுத்துகிறது என்று கருதி 'பிளாஸ்டோகைனின்' என்று பெயரிட்டார்கள். கருப்பைப் பாலில் என்ன இருக்கிறது என்று வேதியியல் முறையில் தேடிய ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று.

பால் கொடுக்கும் கருப்பை பாலூட்டிகளுக்கு மட்டும் உரியதும் இல்லை. வங்கக் கடலை ஆராய்ந்த 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலோடு தொடர்புடைய உட்-மேசனும் ஆல்காக்கும் 1891இல் ஒரு திருக்கை மீனை வெட்டிப் பார்த்து எழுதினார்கள். அதன் கருப்பைச் சுவரில் விரல்கள் போன்ற நீட்சிகள். அவை சுரக்கும் பாலைக் குடித்துக் குட்டிகள் உள்ளே வளர்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறத் திருக்கைக் குழம்பு வைத்துக் கொடுப்பது நம் கடற்கரை வழக்கம். அந்தத் திருக்கைக்கு முலை கிடையாது. பால் மட்டும் வயிற்றுக்குள் இருக்கிறது.

சுரப்பி இல்லாவிட்டால்?

இவ்வளவும் சரி, அந்தப் பால் இல்லாமலும் கரு பிழைக்குமோ? இதைச் சோதிக்க வேண்டுமானால் சுரப்பி இல்லாத ஒரு கருப்பை வேண்டும். அறுவை செய்து எடுக்கவும் முடியாது. சுவரோடு சுவராக இருப்பவை அவை.

அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்பென்சர், ஃபுல்லர் பேசர் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். செம்மறியின் கருப்பைச் சுரப்பிகள் குட்டி பிறந்த பிறகுதான் உருவாகின்றன. பிறந்ததிலிருந்து எட்டு வாரம் போலப் பெண்குட்டிகளுக்குப் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோனைக் கொடுத்தால் சுரப்பிகள் முளைப்பதே இல்லை. வளர்ந்ததும் அந்த ஆடுகள் பருவத்துக்கு வந்தன, இணை சேர்ந்தன, முட்டை கருவுற்றது. ஆனால் சினை நிற்கவில்லை. பதினான்காம் நாள் பார்த்தால், நூலாக ஓடியிருக்க வேண்டிய கரு காணாமல் போயிருந்தது, அல்லது குன்றிக் கிடந்தது. நல்ல ஆட்டிலிருந்து எடுத்த நல்ல கருவைக் கொண்டு வைத்தும் பயனில்லை. இந்த முடிவுகள் 2001, 2002 ஆண்டுகளில் வெளியாயின.

கருவில் குறை இல்லை. கருப்பையின் இரத்த ஓட்டம் நிற்கவில்லை. பால் மட்டும் இல்லை. அதுவே போதுமானதாக இருந்தது கருவைக் கொல்ல.

எதிர்ப்பக்கச் சான்று அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இருந்தது. 1890இல் வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேயர், அங்கோரா முயலின் கருக்களை வேறு இன முயலின் வயிற்றில் மாற்றி வைத்தார். அங்கோராக் குட்டிகள் பிறந்தன. இன்று நல்ல பசுவின் ஏழாம் நாள் கருவைக் கழுவி எடுத்துச் சாதாரணப் பசுவில் வைக்க முடிவதும் இதனால்தான்: அந்த வயதில் கரு எங்கும் ஒட்டியிருப்பதில்லை, பதமான பால் சுரக்கும் கருப்பை எதுவானாலும் அதற்குச் செவிலித்தாய்.

இருபத்தொன்றாம் நாளின் ரகசியம்

ஊசி போட்டவர் சொன்ன 21 நாள் கணக்கும் இந்தப் பாலோடு கட்டப்பட்டது. முட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி உருவாகிறது. அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்தான் கருப்பைச் சுரப்பிகளைப் பால் சுரக்க வைக்கிறது. சினை இல்லை என்றால், மூன்றாம் வாரத்தில் கருப்பையே ஒரு வேதிப்பொருளை அனுப்பி அந்த மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும். பால் நிற்கும். மாடு மறுபடி கத்தும்.

உள்ளே கரு இருந்தால் இதைத் தடுத்தாக வேண்டும். சுவரைத் தொடாத, குரல் இல்லாத ஒரு நூல் எப்படித் தடுக்கும்? அதன் ஊட்டுப்படலம் ஒரு புரதத்தைக் கருப்பைக்குள் கசிய விடுகிறது. 1987இல் அதன் கட்டமைப்பைப் பார்த்தபோது ஆய்வாளர்கள் வியந்தார்கள்: வைரஸ் தாக்கும்போது உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இன்டர்ஃபெரான் டௌ என்று பெயர். பதினைந்து, பதினாறாம் நாளில் போதுமான அளவு அது கசிந்தால், மஞ்சள் கட்டி பிழைக்கும், பாலும் தொடரும்.

நூல் நீளமாக ஓடியிருந்தால் கசிவு அதிகம். குட்டையாக நின்றுவிட்டால் கசிவு போதாது. நீளம் பாலைப் பொறுத்தது; பால் மஞ்சள் கட்டியைப் பொறுத்தது; மஞ்சள் கட்டி நூலின் நீளத்தைப் பொறுத்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மாடு 'திரும்பிவிடும்'. கறவை மாடுகளில் கருவுற்ற முட்டைகளில் கணிசமானவை இந்த முதல் மூன்று வாரத்திலேயே சத்தமில்லாமல் கரைகின்றன. "ஊசி நிக்கல" என்று நாம் சொல்லும் பல மாடுகளில் கரு உண்டாகித்தான் இருந்தது. அவற்றில் சில பசியில் போயிருக்கலாம்.

நம் கதை

மனிதக் கருவுக்கு அவசரம் அதிகம். நூலாக ஓடாது. ஆறேழு நாளிலேயே கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே புதையத் தொடங்கும். புதைந்ததும் தாயின் இரத்தத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள்.

கேம்பிரிட்ஜின் கிரஹாம் பர்ட்டனும் எரிக் ஜானியோவும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. பழைய சேகரிப்பு ஒன்றில் இருந்த, கருவோடு கூடிய கருப்பைகளை நுணுகிப் பார்த்தார்கள். வளரும் நஞ்சுக்கொடிக்கு நேர் கீழே கருப்பைச் சுரப்பிகள் திறந்து கிடந்தன. அவற்றின் சுரப்பு நஞ்சுக்கொடியின் இடைவெளிக்குள் வழிந்திருந்தது. அதன் புரதங்கள் கருவின் செல்களுக்குள்ளும் இருந்தன. தாயின் இரத்தக் குழாய்களின் வாயையோ, கருவின் செல்களே புகுந்து தக்கை போல அடைத்து வைத்திருக்கின்றன. பத்து, பன்னிரண்டு வாரத்தில்தான் அந்தத் தக்கை தளர்ந்து இரத்தம் தாராளமாகப் பாய்கிறது.

அதாவது முதல் மூன்று மாதம் வரை நாமும் கருப்பைப் பால் குடித்தவர்கள். ஐந்தாறு வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் கருவின் அருகே ஒரு சிறு வட்டம் தெரியும். மஞ்சள் கருப் பை என்று பெயர். உள்ளே மஞ்சள் கரு கிடையாது. ஆனால் அந்தப் பை சும்மா இருப்பதில்லை. சுற்றியிருக்கும் திரவத்திலிருந்து உணவை வாங்கிக் கருவுக்குக் கடத்துகிறது. கருவின் முதல் இரத்த அணுக்களையும் செய்கிறது. பழைய பானையில் புதுச் சமையல்.

இரத்தம் அருகில் இருந்தும் ஏன் தள்ளி வைக்க வேண்டும்? ஆக்சிஜன் உயிர் கொடுக்கும் பொருள்தான். அதே ஆக்சிஜன் செல்களை அரிக்கவும் செய்யும். உறுப்புகள் வார்ப்பாகும் வாரங்களில் கரு ஆக்சிஜன் குறைந்த அறையில் பத்திரமாக இருக்கிறது என்பது பர்ட்டன் குழுவினரின் விளக்கம். எட்டாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையில் நஞ்சுக்கொடிப் பகுதியில் ஆக்சிஜன் அளவு இரண்டு, மூன்று மடங்காக உயர்கிறது. அதற்குள் உறுப்புகளின் அடித்தளம் போட்டாகிவிடும்.

எது முதலில் வந்தது?

முன்பு சொன்ன பிளாட்டிபஸிடம் இதன் மூத்த வடிவம் இருக்கிறது. சினைப்பையிலிருந்து வரும்போது அதன் முட்டை சுமார் 4 மில்லிமீட்டர். ஓடு இறுகும் முன், கருப்பை சுரக்கும் திரவத்தை மெல்லிய உறை வழியே குடித்து, இடப்படும்போது 15 மில்லிமீட்டரை எட்டுகிறது. அது நம்மைப் போல நஞ்சுக்கொடி வளர்ப்பதில்லை. கருப்பைச் சுரப்பு மட்டும் இருக்கிறது. ஆக, பாலூட்டிகளின் குடும்பத்தில் நஞ்சுக்கொடி பின்னால் வந்த ஏற்பாடு. கருப்பைப் பாலே மூத்தது.

அந்தப் பாலை நிறுத்தியும் திறந்தும் சில விலங்குகள் காலத்தையே ஆள்கின்றன. கரடி இனங்கள் பலவற்றில், இணை சேர்ந்து உருவான கருக்கோளம் ஒட்டாமல் மாதக்கணக்கில் கருப்பையில் மிதந்து காத்திருக்கும். சுரப்பு மந்தமாக இருக்கும் வரை கருவும் உறங்கும். காலம் கனிந்ததும் சுரப்பு கூடும், கரு விழிக்கும், ஒட்டும்.

அக்காவுக்குச் சொன்னது

கொட்டகையில் நான் சொன்ன பதில் சுருக்கமானது. "கொடி வர்ற வரைக்கும் கருப்பையே மடியா நின்னு பால் குடுக்குதுக்கா." தமிழில் மடி என்றால் பால் சுரக்கும் இடம், பிள்ளையை வைத்துக்கொள்ளும் இடமும் அதுவே. இரண்டு பொருளும் அங்கே பொருந்தும்.

அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நாளையிலருந்து புண்ணாக்கு கூட வைக்கணுமா?"

நல்ல கேள்வி. ஆனால் காலம் கொஞ்சம் தவறியது. இன்றைக்குச் சுரக்கும் கருப்பைப் பால், தாய் இதுவரை தின்று சேர்த்ததிலிருந்து வருகிறது. கன்று போட்டு, கறவையில் உடம்பு இளைத்து, எலும்பு தெரியும் மாட்டுக்கு மஞ்சள் கட்டியும் மெலிந்தே சுரக்கும். ஊசி போட்ட நாளில் தட்டு நிறைய வைப்பதைவிட, கன்று போட்ட நாளிலிருந்தே தீவனத்தையும் தாது உப்பையும் குறையாமல் வைப்பதுதான் நிற்கும் சினைக்கு வழி.

மனிதருக்கும் இதே நியாயம். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் போர்ப் பஞ்சம் வந்தது. அப்போது கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருந்த தாய்மார்களின் குழந்தைகள், பஞ்சம் முடிந்த பின் வழக்கமான எடையோடுதான் பிறந்தார்கள். ஐம்பது வயதை எட்டியபோது அவர்களிடையே இதய நோய் கூடுதலாக இருந்தது. தொடக்கத்தில் விழுந்த பசியைப் பின்னால் வந்த சோறு முழுதாக ஆற்றவில்லை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருவுற்ற 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. அதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வதும் இதனால்தான். நாள் தள்ளிப்போனதைப் பெண் கவனித்துப் பரிசோதனைக்குப் போவதற்குள் அந்தக் குழாய் பாதி மூடியிருக்கும்.

கர்ப்பம் உறுதியான பிறகு மருமகளுக்கு விழுந்து விழுந்து ஊட்டும் வீடுகள் நம்மிடம் நிறைய. ஊட்டுங்கள், தவறில்லை. ஆனால் குழந்தையின் முதல் சாப்பாடு, அவள் சாதாரணமாக வளைய வந்துகொண்டிருந்த நாட்களில் அவள் தட்டில் விழுந்த சோறு. அந்தத் தட்டைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாருங்கள்.